மாரியில் வளவுக்கு வரும் சாரை: கண்ணில் படுவதை வைத்துக் காரணம் கண்டு தீர்ப்பது

ஐப்பசி மழை விழத் தொடங்கினால் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் சாரைப்பாம்பைப் பற்றிய பேச்சும் கூடிவிடும். வாவிக்கு மேற்கே வயல்கள் உள்ள படுவான்கரையில் வரம்புகளில் இருக்கிற எலிவளைகள் தண்ணீரில் மூழ்கும். வாவிக்குக் கிழக்கே கடற்பக்கமான எழுவான்கரையில் பல வளவுகளே குளமாகிப்போகும். வளைக்குள் கிடந்த எலியும், அகிழான் என்கிற பெரிய வயல் எலியும் மேடு தேடி ஏறும். அவற்றைத் தின்று வாழ்கிற சாரையும் அதே பாதையில் வரும். அந்த மேடு பெரும்பாலும் எங்கள் வீடுதான். நெல் மூட்டை அடுக்கிய அறை, விறகுக் கொட்டில், கோழிக்கூடு, குசினிப் பின்பக்கம் என்று உலர்ந்த இடம் எதுவோ அங்கே வந்து சேரும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். கனடாவிலும் ஜேர்மனியிலும் இருக்கிற எங்கட பிள்ளைகள் சிலர் அமெரிக்கச் சோளப்பாம்பை வீட்டில் வளர்க்கிறார்கள். அதுவும் எலி தின்கிற இனம்தான். அதற்குக் குளிர்காலத்தில் இரையை நிறுத்தி, வயிறு காலியான பிறகு, 10 முதல் 15 பாகை செல்சியஸ் அளவில் இரண்டு மூன்று மாதம் உறங்க விடுவதுண்டு. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, எங்கள் சாரையும் மார்கழியில் உறங்கும், தின்னாது என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். மட்டக்களப்பின் மார்கழி இரவு 23 பாகை அளவில்தான் நிற்கும். சாரை உறங்குவதற்கு அது போதாது. மழை மூட்டத்தில் அதன் உடல் கொஞ்சம் மந்தமாகும், செமிக்க நாள் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். வெயில் வந்த அன்றே வேட்டைக்குப் புறப்படும். மாரி அதற்குப் பஞ்ச காலமும் இல்லை: வட்டை என்கிற வயல்வெளி முழுக்கத் தவளை. சாரைக்குஞ்சுகள் பெரும்பாலும் தவளை தின்றே வளர்கின்றன. பெரியது தவளை, தேரை, எலி, பறவை, ஓணான், சில வேளை வேறு பாம்பு என்று எதையும் பிடிக்கும்.

கீழே ஒவ்வொரு அறிகுறியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அதற்கு நேராகப் போகலாம். ஆனால் எதற்கும் முன்னால், பாம்பிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி நில்லுங்கள், பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அனுப்புங்கள், போனில் தூரத்திலிருந்தே பெரிதாக்கி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் பிறகு எல்லாவற்றுக்கும் உதவும்.

அது சாரைதானா என்று தெரியவில்லை

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், இதில்தான் அவசரமும் கூட. நாகம் என்று நினைத்துச் சாரையை அடிப்பது பெரும் பாவம். சாரை என்று நினைத்து நாகத்தைத் தொடுவது உயிராபத்து.

நல்ல வெளிச்சத்தில் முகத்தைப் பாருங்கள். சாரையின் கண் பெரியது, கருமணி வட்டமானது. மேலுதட்டுச் செதில்களின் ஓரங்களில் கறுப்புக் கோடுகள் மேலிருந்து கீழாக விழுந்திருக்கும். உதட்டைக் கறுப்பு நூலால் தைத்த மாதிரித் தெரியும். தலை கழுத்தை விடத் தெளிவாக அகன்றிருக்கும். உடல் மண்ணிறம், ஒலிவ் பச்சை, சில வேளை கருமை. நிறத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள், ஒரே ஊரிலேயே பல நிறத்தில் சாரை இருக்கிறது. உடலின் பின்பாதியிலும் வாலிலும் கறுப்புக் குறுக்குப் பட்டைகள் வலை பின்னியது போல் நெருங்கி வரும். ஆறடி, ஏழடி நீளம் சாதாரணம்.

நாகம் படம் எடுத்தால் சந்தேகமே இல்லை. படம் எடுக்காமல் ஊர்ந்து போகும்போதுதான் குழப்பம் வரும். மிரண்ட சாரையும் முன்னுடலைத் தூக்கும், கழுத்தை உப்பும், உறுமுகிற மாதிரி ஒரு சத்தமும் போடும். வித்தியாசம் உப்புகிற விதத்தில் இருக்கிறது. நாகம் கழுத்தைப் பக்கவாட்டில் தட்டையாக விரிக்கும். சாரை தொண்டையைக் கீழ்நோக்கி உப்பும், பக்கத்திலிருந்து பார்த்தால் கழுத்து உயரமாகத் தெரியும்.

புடையன் என்கிற கண்ணாடி விரியன் பருத்த உடலும் குட்டை வாலும் உள்ளது. முதுகிலும் பக்கங்களிலும் முட்டை வடிவப் புள்ளிகள் சங்கிலி மாதிரி வரிசையாக ஓடும். கிட்டப் போனால் பெரிதாகச் சீறும். வயலிலும் வைக்கோலிலும் இதுதான் உண்மையான பயம். கட்டு விரியன் கறுத்து மினுங்கும், மெல்லிய வெள்ளைப் பட்டைகள் இருக்கும், இரவில்தான் திரியும்.

நேரமும் ஒரு சாட்சி. சாரை பகல் பாம்பு. காலை பத்து மணிக்கு முற்றத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வேகமாக ஓடியது என்றால் சாரையாக இருக்க வாய்ப்பு அதிகம். இரவு பதினொரு மணிக்கு அறைக்குள் தரையில் ஊர்ந்தது என்றால், அது சாரை என்று மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள்.

குஞ்சுப் பாம்பாக இருந்தால் தொடவே வேண்டாம். சாரைக்குஞ்சின் முன்னுடலிலும் பட்டைகள் இருக்கும், வளர்ந்த சாரையின் சாயல் அதில் இராது. இந்த இடத்தில் அனுபவம் உள்ளவர்களே தடுமாறுகிறார்கள்.

இவ்வளவு பார்த்தும் முடிவு வரவில்லையா? அப்படியானால் அது நஞ்சுள்ள பாம்பு என்றே வைத்துக்கொண்டு, வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு எடுங்கள்.

கடித்துவிட்டது

சாரைக்கு நஞ்சு இல்லை. ஆனால் பெரிய பாம்பு, சிறு பற்கள் வரிசையாக இருக்கும், ஆழமாகக் கீறி இரத்தம் வர வைக்கும். கடித்தது சாரைதான் என்று படம் பார்த்து உறுதியாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னால், சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவி, ஏற்பூசிக்காக (ரெற்றனஸ் தடுப்பூசி) வைத்தியசாலைக்குப் போய்வந்தால் போதும்.

உறுதி இல்லையென்றால் ஒரே வழிதான். கை, காலை அசைக்காமல் வைத்து, மோதிரம், காப்பு, கொலுசு எல்லாவற்றையும் கழற்றி, 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் போங்கள். இறுக்கிக் கட்ட வேண்டாம், வெட்ட வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ, கல்முனையோ, அக்கரைப்பற்றோ, எது கிட்டவோ அது. பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் தேவையில்லை, போனில் எடுத்த படம் போதும். இலங்கையில் பாவிக்கிற நஞ்சு முறிமருந்து நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றுக்கானது. அதை எப்போது ஏற்றுவது என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். கட்டு விரியன் கடித்தால் நோவே இல்லாமல் இருக்கலாம், கடித்த இடம் கூடத் தெரியாமல் போகலாம். இரவில் தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழும்பி, கண்ணிமை சோர்ந்து விழுந்தால், பாம்பை யாரும் காணாவிட்டாலும் உடனே கொண்டுபோங்கள். ஊரில் விசகடி வைத்தியரை மதிக்கிறோம், அது வேறு. ஆனால் மூச்சு அடங்கத் தொடங்கினால் அதைத் தாங்கிப் பிடிக்கிற கருவி வைத்தியசாலையில்தான் இருக்கிறது.

ஒரே இடத்தில் கிடக்கிறது, அசையவில்லை

மாரியில் அதிகம் கேட்கிற கேள்வி இது. "அண்ணன், விறகுக்குள்ள ரெண்டு நாளாக் கிடக்கு, செத்துப்போச்சா?" என்று கேட்பார்கள். காரணம் நாலில் ஒன்றாக இருக்கும்.

உடலின் நடுவில் வீக்கம் தெரிந்தால் இரை எடுத்திருக்கிறது. சாரை மலைப்பாம்பு மாதிரிச் சுற்றி நெரித்துக் கொல்வதில்லை. இரையை உடலால் தரையோடு அழுத்திப் பிடித்து, பல வேளை உயிரோடேயே விழுங்கிவிடும். பெரிய எலி விழுங்கிவிட்டு மூட்டமான நாளில் கிடந்தால் செமிக்கப் பல நாள் எடுக்கும். அந்த நேரம் தடியால் தள்ளினாலோ தூக்கினாலோ விழுங்கியதைக் கக்கிவிடும், அத்தனை உழைப்பும் வீணாகிவிடும். விட்டுவிடுங்கள்.

கண் பால் படிந்தது போல் நீலம் கலந்து மங்கியிருந்தால் தோல் உரிக்கப் போகிறது. அப்போது பார்வை சரியாகத் தெரியாது, அதனால் எளிதில் மிரளும், தொட்டால் கடிக்கும், இரையும் எடுக்காது. சில நாளில் கண் தெளியும், அதற்குப் பிறகு தோல் கழன்றுவிடும். விறகுக்குள் சட்டை கிடந்தால் விஷயம் முடிந்தது.

வீக்கமும் இல்லை, கண்ணும் தெளிவு என்றால் குளிர். இரவெல்லாம் வாடையில் நனைந்த பாம்பு வெயில் வரும்வரை அப்படியே கிடக்கும். வெயில் ஏறி ஒரு மணி நேரத்தில் ஆள் இருக்காது. சூடு காட்டுகிறேன் என்று குண்டு பல்பையோ நெருப்பையோ கிட்டக் கொண்டுபோக வேண்டாம், தோல் வெந்துவிடும்.

வாய் திறந்து கிடக்கிறது, உடல் ஓரிடத்தில் மடிந்திருக்கிறது, ஈ மொய்க்கிறது என்றால் காயம். நெல் வெட்டுகிற மெசினிலோ, வாகனத்திலோ, மண்வெட்டியிலோ பட்டிருக்கலாம். இது மருந்து போட்டுப் பார்க்கிற விஷயம் இல்லை, 1992க்கு அறிவியுங்கள்.

வீட்டுக்குள் வந்துவிட்டது

வாசல் ஒன்றைத் திறந்துவிட்டு மற்றக் கதவுகளை அடையுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள், கூரைப் பக்கம் ஏறியிருந்தால் அது முக்கியம். சத்தம் போடாமல், திறந்த வாசலுக்கு எதிர்ப்பக்கம் ஒருவர் மட்டும் தூரத்தில் நின்று கண்ணை வைத்திருங்கள். சாரைக்கு எங்களோடு எந்த அலுவலும் இல்லை, ஒளிக்க இடம் தேடும், வெளிச்சம் உள்ள வழி கிடைத்தால் போய்விடும். அலுமாரிக்குப் பின்னால் புகுந்துவிட்டால் இழுக்க வேண்டாம். அறைக் கதவைச் சாத்தி, கதவின் கீழ் இடைவெளியில் சாக்கைத் திணித்து, உதவிக்கு ஆள் வரும்வரை அப்படியே விடுங்கள்.

உள்ளி கரைத்துத் தெளிப்பது, மண்ணெண்ணெய், உப்பு, கிருமிநாசினி, இவை எதுவும் பாம்பைத் தடுப்பதாக நான் கண்டதில்லை. வாசம் இரண்டு மழையில் போய்விடும். வாசத்தை நம்பி ஓட்டையை அடைக்காமல் விட்டவர்கள் வீட்டில்தான் திரும்பவும் வருகிறது.

ஒரு தடவைக்கு மேல் வந்தால் உங்கள் வீட்டில் எலி இருக்கிறது. அதில் சந்தேகமே வேண்டாம். பாம்பைத் துரத்துவதை விட்டுவிட்டு எலியின் கழிவு எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். நெல் மூட்டைகளைச் சுவரோடு சேர்த்து அடுக்காமல், பலகையின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கினால் எலிக்கு ஒளிக்க இடமில்லை, உங்களுக்கும் சுற்றிப் பார்க்க வழி இருக்கும். விறகை நிலத்தில் குவிக்காமல் இரண்டு அடி உயரத்தில் பரண் கட்டி வையுங்கள். குசினித் தண்ணீர் போகிற குழாய் வாய்க்கு இரும்புக் கண்ணி வையுங்கள். கதவின் கீழ் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் றப்பர்ப் பட்டை அடியுங்கள். தேங்காய்ச் சிரட்டைக் குவியலும் பழைய கிடுகுக் கட்டும் வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கிடந்தால், இடம் மாற்றுவதற்கு மழைக்கு முன் புரட்டாசிதான் நல்ல நேரம். மழை தொடங்கிய பிறகு அந்தக் குவியலுக்குள் கை விடாதீர்கள், நீண்ட தடியால் பிரித்துப் பாருங்கள்.

கோழிக்குஞ்சும் முட்டையும் குறைகிறது

உடனே சாரை மேல் பழி போட்டுவிடாதீர்கள். கூட்டை நன்றாகப் பாருங்கள். உடைந்த கோதும் சிந்திய கருவும் கிடந்தால் கீரியோ காகமோ எலியோ. கோழி செத்து, கழுத்துக் கடிபட்டு, இறகு சிதறிக் கிடந்தால் மரநாய் அல்லது கீரி. ஒரு தடயமும் இல்லாமல் குஞ்சு மாத்திரம் மாயமானால் பாம்பு அல்லது உடும்பு. அந்தப் பாம்பு சாரையாகவும் இருக்கலாம், நாகமாகவும் இருக்கலாம். நாகமும் கோழிக்கூட்டைத் தேடி வரும் என்பதால், இருட்டில் கூட்டுக்குள் கை விட்டு முட்டை எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். முட்டையைப் பகல் வெளிச்சத்திலேயே எடுத்துவிடுங்கள்.

கூட்டை நிலத்திலிருந்து தூக்கிக் கட்டி, அரை அங்குலக் கண்ணியுள்ள இரும்பு வலை அடித்தால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். கடைகளில் கோழி வலை என்று விற்கிற பெரிய கண்ணி வலைக்குள்ளால் நடுத்தரப் பாம்பு சுகமாகப் புகும். புகுந்து குஞ்சை விழுங்கிய பிறகு வயிறு பெருத்து வெளியே வர முடியாமல் அங்கேயே கிடக்கும். காலையில் கோழிக்கூட்டுக்குள் பாம்பு அடைபட்டுக் கிடப்பதற்கு அதுதான் காரணம். கோழித் தீனியை மூடியுள்ள வாளியில் வையுங்கள். சிந்திய தீனிக்கு எலி வரும், எலிக்குச் சாரை வரும், வந்த இடத்தில் குஞ்சையும் எடுக்கும்.

வலையில் சிக்கிக் கிடக்கிறது

எங்கள் கரையோரத்தில் சாரைகள் சாவதற்கு நான் கண்ட காரணங்களில் இது பெரியது. பழைய தங்கூசி (நைலோன் நூல்) மீன் வலையை வேலிக்கும், கீரைப் பாத்திக்கும், கோழிக்கும் கட்டாத வீடு வாவிக்கரை ஊர்களில் குறைவு. சாரை தலையை நுழைக்கும், உடல் பாதி போன பிறகு இறுகும். பின்வாங்கினால் செதில்களின் விளிம்பில் நூல் மாட்டும், முறுக்கினால் இன்னும் இறுகும். கிட்டப் பார்த்தால் நூல் செதிலுக்குள் புதைந்து, இரண்டு பக்கமும் சதை பிதுங்கி நிற்கும். வெயில் ஏறினால் அரைநாள் கூடத் தாங்காது.

முதல் வேலை நிழல். குடையோ கிடுகோ சாக்கோ, எதையாவது மேலே பிடித்துத் தண்ணீர் தெளியுங்கள். இரண்டாவது, அது சாரைதானா என்பதை உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் இங்கேயே நிறுத்திவிட்டு 1992க்கு எடுங்கள், நிழலும் தண்ணீரும் கொடுத்தபடி காத்திருங்கள். சாரைதான், முன்பு பாம்பைக் கையாண்ட ஒருவரும் பக்கத்தில் இருக்கிறார் என்றால் மட்டும் மேலே வாசியுங்கள்.

வேலியில் கட்டியிருக்கிற நிலையில் அவிழ்க்க முயல வேண்டாம். பாம்பைச் சுற்றியுள்ள வலையை ஒரு முழம் விட்டு வெட்டி, வலையோடு சேர்த்து நிழலுக்கு எடுங்கள். தலைக்கு மேல் ஈரமான சாக்கைப் போடுங்கள். கண் மறைந்தால் பாதி மூர்க்கம் அடங்கிவிடும். ஒருவர் தடித்த கையுறை போட்டு, சாக்கின் மேலாலேயே தலைக்குப் பின்னால் மெதுவாகப் பிடிக்க வேண்டும். நெரிக்கக் கூடாது, மூச்சுக்குழல் அங்கேதான் போகிறது. மற்றவர் நுனி மழுங்கிய சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு நூலாக வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் நுனி செதிலின் போக்கிலேயே போகட்டும், அதாவது தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கமாக. எதிர்ப்பக்கம் தள்ளினால் செதில் கிளம்பிவிடும். நூலை இழுக்கவே கூடாது, வெட்டு, தூக்கு, அடுத்தது. சவரக்கத்தி வேண்டாம், ஒரு துடிப்பில் பாம்பும் வெட்டுப்படும், உங்கள் விரலும் வெட்டுப்படும்.

முடிந்த பிறகு விரலால் உடல் முழுக்கத் தடவிப் பாருங்கள். புதைந்த ஒரு சுற்று நூல் மிஞ்சினால் பாம்பு வளர வளர அது அறுத்துக்கொண்டே போகும். மேல்தோலில் மட்டும் கீறல் என்றால் பத்தைக்குள் விட்டுவிடலாம். சதை தெரிகிற வெட்டு என்றால் திணைக்களத்திடம் ஒப்படையுங்கள்.

பிறகு அந்த வலையை மாற்றுங்கள். கீரைக்குப் பழைய கிடுகு போதும், கோழிக்கு இரும்புக் கண்ணி. தொழிலுக்குப் போகிற வலையை மாரி முழுக்க நிலத்தில் குவித்து வைக்காமல் கம்பில் உயரத் தொங்கவிடுங்கள். வலையும் பழுதாகாது.

கிணற்றுக்குள் விழுந்துவிட்டது

மாரியில் கிணறு நிரம்பி நிற்கும், அதனால் இது சுலபம். நீண்ட தென்னோலை ஒன்றை மட்டையோடு, சரிவாக, கிணற்றுக்கட்டின் மேல் விளிம்பில் முட்டும்படி இறக்கிவிட்டு எல்லாரும் போய்விடுங்கள். சாரை நன்றாக நீந்தும், நன்றாக ஏறும். ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றால்தான் ஏறாது. வாளியால் அள்ளுவதும் கயிற்றால் சுருக்குப் போடுவதும் தேவையில்லாத வேலை. வெள்ளம் புகுந்த கிணறு என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் இடுவித்த பிறகு குடியுங்கள். அது பாம்பு விழுந்ததற்காக இல்லை, வெள்ளத்தோடு வந்த மற்றவற்றுக்காக.

பிடித்து வைத்திருக்கிறோம், ஒன்றும் தின்னவில்லை

இளம் பிள்ளைகள் ஆசையில் செய்வது இது. மீன் பெட்டிக்குள்ளோ தண்ணீர்த் தாங்கிக்குள்ளோ வைத்து, தவளை போட்டுப் பார்ப்பார்கள், முட்டை வைப்பார்கள், பால் ஊற்றுவார்கள். பாம்பு தொடாது. குளிர்காலம், அதனால் தின்னவில்லை என்று தாங்களே ஒரு காரணமும் சொல்லிக்கொள்வார்கள்.

வானிலை காரணம் இல்லை, அடைத்து வைத்ததுதான் காரணம். வெளிநாட்டில் வளர்க்கிற சோளப்பாம்பு பல தலைமுறையாகக் கூட்டுக்குள்ளேயே பிறந்து, உறைய வைத்த எலிக்குப் பழகியது. எங்கள் சாரை பகல் முழுக்க வயலும் வரம்புமாக ஓடித் திரிந்து, கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிக்கிற பிராணி. நாலு சுவருக்குள் போட்டால் முதலில் வழி தேடும். மூக்கை மூலையில் தேய்த்துத் தேய்த்து முன்செதில் உரிந்து இரத்தம் வரும். அந்த மூக்கைப் பார்த்தாலே எத்தனை நாளாக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பாம்பு பால் குடிக்கிற பிராணியும் இல்லை. தாகத்தில் தவிக்கிற பாம்பு எந்தத் திரவத்திலும் வாய் வைக்கும், அதைப் பார்த்துத்தான் பால் குடிக்கிறது என்கிறார்கள். வாயைத் திறந்து ஊட்டுகிற வேலையைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். பல் முறியும், மூச்சுக்குழலுக்குள் இறங்கும், செத்துவிடும்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்குப் பாம்பு பிடிக்கும் என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம். அடிக்கிற தலைமுறையில் இருந்து பார்க்கிற தலைமுறைக்கு வந்திருக்கிறீர்கள். ஆனால் இப்போதே வெயில் உள்ள நேரம் பார்த்து, பிடித்த இடத்துக்கு மிகக் கிட்ட, பத்தையோ வாய்க்கால் கரையோ உள்ள இடத்தில் விட்டுவிடுங்கள். பத்து மைல் தள்ளிக் கொண்டுபோய்க் காட்டில் விட்டால் அதற்கு ஒளிக்கிற இடமும் தெரியாது, இரை உள்ள இடமும் தெரியாது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிற நாடு இது. வனசீவராசிகள் திணைக்களத்தைக் கேட்காமல் காட்டுப்பாம்பை வீட்டில் வைத்திருந்தால் வழக்குக்கும் போகலாம். தோலுக்காகப் பெருமளவில் வேட்டையாடப்பட்டதால் சாரையின் ஏற்றுமதி வணிகமும், காட்டுயிர் வணிகத்துக்கான சர்வதேச சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலின் கீழ்க் கட்டுப்பட்டது.

ஒரு இரவு மட்டும் வைத்திருக்க வேண்டி வந்தால், இருட்டான காற்றோட்டமுள்ள பெட்டி, உள்ளே பழைய துணி, கவிழாத சட்டியில் தண்ணீர். இரை வேண்டாம். விடிந்ததும் விட்டுவிடுங்கள்.

இரண்டு சாரை பிணைந்து நிற்கின்றன

நாகமும் சாரையும் சேர்கின்றன என்று சொல்லி வெள்ளைத் துணி போட ஓடுவார்கள். உடலை முறுக்கி, தலையைத் தூக்கி, ஒன்றை ஒன்று கீழே அழுத்தப் பார்க்கிற அந்தக் காட்சி பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் பலப்பரீட்சை. கடித்துக் கொல்லாது, தோற்றது போய்விடும். தள்ளி நின்று பாருங்கள், அவ்வளவு அழகான காட்சி அடிக்கடி கிடைக்காது. சாரை வேறு இனம், நாகம் வேறு இனம், இரண்டும் சேர்வதில்லை. நாகம் சாரையைத் தின்னும் என்பதுதான் உண்மை.

சாரையைக் காணவில்லை, எலி கூடிவிட்டது

வட்டையில் இதுவும் ஒரு பிழைதான், இதை யாரும் பாம்புப் பிரச்சினை என்று சொல்வதில்லை. கதிர் பால் பிடிக்கிற நேரம் வயலின் நடுவில் வட்டம் வட்டமாகப் பயிர் சரிந்து, தண்டு அடியில் சாய்வாக வெட்டுப்பட்டுக் கிடந்தால் அகிழான் வேலை. நஞ்சு வைக்கத் தோன்றும். நஞ்சு தின்று தள்ளாடுகிற எலியைத்தான் ஆந்தையும் பூனையும் சாரையும் சுலபமாகப் பிடிக்கும். இலவசமாக எலி பிடிக்க நின்ற ஆட்களையும் சேர்த்துக் கொன்றுவிடுவோம். எலி கூடினால் எலிக்காய்ச்சலும் கூடும். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள் நாங்கள்தான். வேலை தொடங்கும் முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நஞ்சில்லாமல் எலி குறையவும் பாம்பு திரும்பி வரவும் முதலில் வரம்பைப் பாருங்கள். ஒரு அடிக்கு மேல் அகலமான வரம்பில் எலி சுகமாக வளை தோண்டும். மாரி நெல்லான பெரும்போகத்துக்கு வரம்பு கட்டும்போது ஒடுக்கமாகக் கட்டினால் வளை போட இடமில்லை. வயலுக்குள் ஆளுயரத் தடிகளை நட்டுவிட்டால் இரவில் ஆந்தை வந்து குந்தும். ஒருவர் மட்டும் செய்தால் எலி பக்கத்து வயலுக்குப் போய்த் திரும்பி வரும், அதனால் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் பேசி, முழு வட்டையும் ஒரே கிழமையில் வளைகளைத் தோண்டி அடைக்க வேண்டும். வாய்க்கால் ஓரத்துப் பத்தையை ஒரேயடியாக எரிக்காமல் ஒரு பகுதியை விட்டுவையுங்கள், சாரைக்குப் பகலில் ஒளிக்க அது போதும். மாசி, பங்குனியில் வெட்டு மெசின் இறங்கும்போது, பத்தைக்கு எதிர்க்கரையில் தொடங்கிப் பத்தையை நோக்கி வெட்டிவரச் சொல்லி ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசுங்கள். கடைசிப் பத்தடிக்குள் கிடக்கிற பாம்புக்கு அப்போது ஓட ஒரு பக்கம் திறந்திருக்கும்.